கூடித் தைக்கும் கலை

முன்னுரை

கல்வி என்ற சொல்லைக் கேட்டவுடன் நமக்கு ஏடும் எழுதுகோலும் நினைவுக்கு வருகின்றன. ஊசியும் நூலும் நினைவுக்கு வருவதில்லை. பள்ளியில் தையல் வகுப்பு என்பது கணக்குக்கும் அறிவியலுக்கும் நடுவே ஓர் ஓய்வு போல வந்து போயிற்று. கல்லூரிக்கு வந்தபின் அதுவும் இல்லை. ஆயினும், எழுத்தே இல்லாத மக்கள் பல தலைமுறைகளாகத் தம் கணக்கையும் நினைவையும் துணியில் தைத்து, தாய் மகளுக்கும் மாமியார் மருமகளுக்கும் கற்றுக்கொடுத்து வந்திருக்கின்றனர். அதனைக் கல்வி என்று சொல்லாமல் வேறு என்னவென்று சொல்வது?

இக்கட்டுரை மூன்று வினாக்களுக்கு விடை தேடுகிறது. துணியில் பூத்தைக்கும் கலையில் அடங்கியிருக்கும் அறிவு எத்தகையது? அந்த அறிவு எவ்வாறு மறைகிறது, மறைந்தபின் எவ்வாறு மீண்டு வருகிறது? திருப்பெரும்புதூருக்கும் ஒரகடத்துக்கும் இடையே, ஆலைச் சங்கொலியைக் கேட்டு எழும் பிள்ளைப்பாக்கம் போன்ற ஊர்களில் வாழும் நமக்கு அதில் ஏதேனும் பாடம் உண்டா? இவற்றை ஒவ்வொன்றாகக் காண்போம்.

துன்னமும் பூத்தையலும்

தைத்தலுக்குப் பழந்தமிழில் துன்னம் என்று பெயர். பொருநராற்றுப்படையில் வரும் பொருநன், வேறு வேறு நூல் நுழைத்துத் தைத்த கந்தலை உடுத்திக் கரிகாலனிடம் செல்கிறான். அரசன் அதனைக் களைந்து புத்தாடை அளிக்கிறான். சிலப்பதிகாரம் புகார் நகரத்துக் கைவினைஞர்களைச் சொல்லும்போது துன்னகாரரையும் சேர்த்துச் சொல்கிறது. ஆகவே தையல் நமக்கு அயலார் கொண்டுவந்த தொழில் அன்று.

துணியில் அழகு இரண்டு வழிகளில் உண்டாகிறது. ஒன்று, நெய்யும்போதே பாவிலும் ஊடையிலும் உருவாகும் அழகு. நம் மாவட்டத்துக் காஞ்சிபுரம் பட்டு இவ்வகை. உடலுக்கு ஒரு நிறமும் கரைக்கு வேறு நிறமும் வைத்து, மூன்று நாடாக்களை ஓட்டிக் கோர்வை போட்டு நெய்யும் வேலையில், துணி தறியிலிருந்து இறங்கும்போதே அழகும் முழுமை பெற்றுவிடுகிறது. மற்றொன்று, நெய்து முடிந்த துணியின்மேல் ஊசியால் பிறகு சேர்க்கும் அழகு. இதையே பூத்தையல் என்றும் பூவேலை என்றும் சொல்கிறோம். முன்னதற்குத் தறி வேண்டும், தறி வைக்க இடம் வேண்டும், முதல் வேண்டும். பின்னதற்கு ஓர் ஊசியும் கொஞ்சம் நூலும் போதும். மாடு மேய்க்கும்போதும், குழந்தையை மடியில் கிடத்தியிருக்கும்போதும், அண்டை வீட்டாரோடு பேசிக்கொண்டிருக்கும்போதும் செய்யலாம். உலகெங்கும் பூத்தையல் பெண்களின் கையில் வளர்ந்ததற்கும், கூடி உட்கார்ந்து செய்யும் வேலையாக இருந்ததற்கும் இதுவே முதற்காரணம் எனலாம்.

எண்ணித் தைக்கும் தோடர்

நம் மாநிலத்துப் பூத்தையல்களுள் உலகப்புகழ் பெற்றது நீலகிரித் தோடர் பெண்களுடையது. 2011ஆம் ஆண்டு மக்கள்தொகைக் கணக்கின்படி தோடர் சுமார் 2,000 பேரே. ஆணும் பெண்ணும் போர்த்திக்கொள்ளும் அவர்களுடைய வெள்ளைப் போர்வைக்குப் பூத்துக்குளி என்று பெயர். அதில் சிவப்பும் கறுப்புமாகிய இரு நிறங்களிலேயே வேலைப்பாடு அமைகிறது. எருமைக் கொம்பு, முயற்காது முதலிய வடிவங்கள் அதில் இடம்பெறுகின்றன. இறந்தவரையும் பூவேலை செய்த போர்வையில் போர்த்தியே வழியனுப்புகின்றனர். எனவே அது அணியாக மட்டும் நிற்காமல், பிறப்பு முதல் இறப்பு வரை அவர்களோடு வரும் பொருளாக இருக்கிறது.

தோடர் நெய்வதில்லை, துணியையும் நூலையும் வெளியிலிருந்தே வாங்குகின்றனர். கம்பளி நூல் வழங்கிய இடத்தில் இன்று அக்ரிலிக் நூல் பெரிதும் வழங்குகிறது. துணி வெளியிலிருந்து வந்தாலும், அதன்மேல் விழும் கணக்கு முழுவதும் அவர்களுடையது. துணியில் முன்னதாக வரைந்துகொள்வதில்லை, அச்சுப் பதிப்பதுமில்லை. இழைகளை எண்ணி, எத்தனை இழையின் மேலே, எத்தனை இழையின் கீழே என்று மனக்கணக்காகவே ஊசி செல்கிறது. ஓர் இழை தவறினால் அடுத்த வரிசை முழுவதும் கோணும். தைக்கும்போது அடிப்பக்கத்தில் நூல் சிறு கண்ணியாகச் சற்றே மேலெழ விடப்படுகிறது. அதனால் அப்பக்கம் புடைப்பாகத் தெரிகிறது. நாம் பின்பக்கம் என்று மறைக்கும் அந்தப் பக்கமே அவர்களுக்கு முன்பக்கம்.

எண்ணித் தைக்கும் முறையை விளங்கிக்கொள்ள ஒரு சிறு பயிற்சி செய்து பார்க்கலாம். பாவும் ஊடையும் ஒரே பருமனாக உள்ள காடாத் துணி ஒன்றை எடுத்துக்கொள்க. முதல் வரிசையில் 1 இழையை மூடித் தைக்க. அதன் கீழ் வரிசையில், இருபுறமும் ஓர் இழை கூட்டி, 3 இழையை மூடுக. அடுத்து 5, அதற்கடுத்து 7. இப்போது ஒரு முக்கோணம் கிடைக்கும். மூடிய இழைகளைக் கூட்டினால் 1+3+5+7, அதாவது 16. வரிசைகள் 4, நான்கின் வர்க்கம் 16. ஐந்தாம் வரிசையில் 9 சேர்த்தால் 25, ஐந்தின் வர்க்கம். ஒற்றைப்படை எண்களின் கூட்டுத்தொகை வர்க்க எண்ணாகும் என்று நாம் கரும்பலகையில் படித்ததை ஊசி துணியில் காட்டிவிடுகிறது.

ஆனால் வரிசையை இப்படியே கூட்டிக்கொண்டு போக முடியாது. நூல் ஒரே தாவலில் மிக நீளமாகக் கிடந்தால் வளையலிலும் நகத்திலும் மாட்டி இழுபடும். ஆகையால் ஒரு நிலையில் நிறுத்தி, நடுவே ஓர் இழையைப் பிடித்து, வடிவத்தை மாற்றியாக வேண்டும். வைரம், வளைந்த கொம்பு, படிக்கட்டு போன்ற வடிவங்கள் பிறப்பதற்கு இந்தக் கட்டாயமும் ஒரு காரணம். கணக்கும் பயனும் சேர்ந்த இடத்திலேயே அழகு அமைகிறது.

பொதி சுமந்தவர்களின் உடை

அடுத்து லம்பாடியரைக் காண்போம். பஞ்சாரா என்றும் லம்பாணி என்றும் அழைக்கப்படும் இம்மக்கள், எருதுகளின்மேல் உப்பும் தானியமும் ஏற்றி நாடெங்கும் கொண்டுசென்ற வணிகர்கள். முகலாயப் படைகளுக்குத் தானியம் சேர்த்தவர்களும் இவர்களே. நின்ற இடம் ஊராகாத வாழ்க்கையில், பெண்கள் தம் செல்வத்தையெல்லாம் உடையில் தைத்து வைத்தனர். பேட்டியா என்னும் பாவாடையிலும் காஞ்சளி என்னும் மேற்சட்டையிலும் கண்ணாடித் துண்டு, சோழி, காசு, பல நிற நூல் யாவும் இடம்பெற்றன. கிலன், வேலே, பக்யா, மகி என்று ஒவ்வொரு தையலுக்கும் தனிப்பெயர் உண்டு. அவர்கள் மொழிக்குத் தனி எழுத்து இல்லை. ஆகவே இப்பெயர்களும் முறைகளும் எந்த ஏட்டிலும் இல்லாமல் வாய்வழியாகவும் கைவழியாகவுமே வாழ்ந்தன.

19ஆம் நூற்றாண்டில் இருப்புப்பாதை வந்தது. எருதுப் பொதியின் காலம் முடிந்தது. வாழ்வு இழந்து அலைந்த மக்களை ஆங்கில ஆட்சி சந்தேகக் கண்கொண்டு பார்த்தது. 1871இல் இயற்றிய குற்றப் பரம்பரைச் சட்டத்தின் கீழ்ப் பல இடங்களில் இவர்களும் கொண்டுவரப்பட்டனர். நாடு விடுதலை பெற்றபின் 1952இல்தான் அச்சட்டம் நீங்கியது. சட்டம் நீங்கினாலும் பழிச்சொல் உடனே நீங்குமா? கண்ணாடி தைத்த உடையைக் கண்டவுடன் இன்னார் என்று அடையாளம் தெரிந்துவிடும். ஆகையால் உடையே சுமையாயிற்று. கூலி வேலைக்குச் செல்லும் பெண்ணுக்கு அதன் கனமும் ஒத்துவரவில்லை. இவ்வாறு தமிழ்நாட்டில் பல தண்டாக்களில் பேட்டியா பெட்டிக்குள் போயிற்று, சேலை வந்தது. உடுத்தாத உடையைத் தைப்பவர் யார்? தைக்காத தையலைக் கற்பவர் யார்?

சிட்லிங்கியில் நடந்தது

தருமபுரி மாவட்டத்தில் கல்வராயன் மலைக்கும் சித்தேரி மலைக்கும் இடையே சிட்லிங்கிப் பள்ளத்தாக்கு உள்ளது. அங்கே மலையாளிப் பழங்குடியினர் மிகுதி. லம்பாடியர் தண்டாக்களும் உண்டு. 1993இல் ரெஜி ஜார்ஜ், லலிதா ரெஜி என்னும் மருத்துவ இணையர் அங்குச் சென்று, ஓலைக் குடிசையில் மருத்துவப் பணியைத் தொடங்கினர். டிரைபல் ஹெல்த் இனிஷியேட்டிவ் என்பது அவர்கள் நிறுவிய அமைப்பின் பெயர். நோய்க்கு மருந்து கொடுத்தால் மட்டும் போதாது, உணவும் வருவாயும் தன்மதிப்பும் இருந்தால்தான் உடல்நலம் நிலைக்கும் என்பதை அவர்கள் பணி காட்டியது. அங்கே இயற்கை வேளாண்மைச் சங்கம் உருவானதும் இவ்வழியிலேயே.

அந்தத் தண்டாக்களில் பூத்தையல் ஏறத்தாழ மறைந்துவிட்டது. இளைய பெண்களுக்குத் தெரியாது. அவர்களுடைய தாய்மாரிலும் பலருக்குத் தெரியாது. முதிய பெண்கள் இருவர் மட்டும் அதனைக் கையில் வைத்திருந்தனர். 2006ஆம் ஆண்டளவில் அவர்களைச் சுற்றி இளம்பெண்கள் உட்கார்ந்து கற்கத் தொடங்கினர். அந்த வட்டமே வளர்ந்து பொர்கை கைவினைஞர் சங்கம் ஆயிற்று. பொர்கை என்பதற்கு லம்பாடி மொழியில் பெருமிதம் என்று பொருள். எந்த உடையால் தலைகுனிய நேர்ந்ததோ, அந்த உடையின் தையலுக்கே பெருமிதம் என்று பெயரிட்டது கருதத்தக்கது.

அவர்கள் பழைய உடையை அப்படியே மீண்டும் உடுத்தத் தொடங்கவில்லை. பள்ளத்தாக்கின் உழவர்கள் விளைவித்த இயற்கைப் பருத்தியில் துணி. அதில் இயற்கைச் சாயம். அதன்மேல் பாட்டியின் தையல். சேலை, சட்டை, பை, மெத்தை உறை என்று இன்று மக்கள் வாங்கிப் பயன்படுத்தும் பொருள்களில் அந்தத் தையல் இடம்பெயர்ந்து வாழ்கிறது. வீட்டுக்கு அருகிலேயே வேலை கிடைப்பதால், பிழைப்புக்காக வெளியூர் செல்லும் கட்டாயம் சில குடும்பங்களுக்கேனும் குறைகிறது.

இந்நிகழ்ச்சியில் நாம் ஊன்றிக் கவனிக்க வேண்டியது அந்த இரண்டு பேர் என்னும் எண். இன்னும் பத்து ஆண்டு தாமதித்திருந்தால் என்ன ஆகியிருக்கும்? அருங்காட்சியகத்தில் பழைய பேட்டியா இருந்திருக்கும். அதன் நிழற்படம் இருந்திருக்கும். ஊசி எந்தக் கோணத்தில் நுழைந்தது, நூலை எவ்வளவு இறுக்க வேண்டும், கண்ணாடியைச் சுற்றி முதல் பிடிப்பு எங்கே விழ வேண்டும் என்று சொல்ல ஆள் இருந்திருக்க மாட்டார்.

ஏன் கூடித் தைக்க வேண்டும்?

தனியே உட்கார்ந்தும் தைக்கலாம் அல்லவா, வட்டம் எதற்கு என்று கேட்கலாம். கூடித் தைப்பதால் உண்டாகும் பயன்களை நான்காகப் பகுக்கலாம்.

முதலாவது, கண்ணால் கற்றல். தையல் முறையைச் சொற்களில் விளக்க ஒரு பக்கம் வேண்டும்; பக்கத்தில் இருப்பவர் கையைப் பார்க்க ஒரு நொடி போதும். நூல் முறுக்கிக்கொண்டால் ஊசியைத் தொங்கவிட்டு அதுவே சுழன்று நேராகும்படி செய்வது போன்ற சிறு நுட்பங்களை எந்தப் பாடநூலும் முழுமையாகச் சொல்வதில்லை.

இரண்டாவது, பிழையை உடனே காணல். எண்ணித் தைக்கும் வேலையில் தன் பிழை தனக்குத் தெரிவது அரிது. எதிரில் இருப்பவர் தலைகீழாகப் பார்ப்பதால் கோணல் அவருக்கு உடனே தெரியும். நான்கு தையல் பிரித்தால் தீரும் பிழை, நாளைக்குத் தெரிந்தால் நானூறு தையல் பிரிக்க வேண்டியதாகும்.

மூன்றாவது, வேலையைப் பங்கிடல். ஒருவருக்கு நிறம் பொருத்தும் கண் இருக்கும். ஒருவருக்குச் சங்கிலித் தையல் சீராக வரும். ஒருவர் ஓரம் மடித்து முடிப்பதில் தேர்ந்தவர். பெரிய துணியொன்றை நால்வர் நான்கு பக்கத்திலிருந்து தைத்து வந்தால் நடுவில் சந்திப்பர்.

நான்காவது, பேச்சு. கை வேலையில் இருக்கும்போது நாவுக்கு விடுதலை. முகத்தைப் பார்த்துச் சொல்ல முடியாததை, துணியைப் பார்த்துக்கொண்டே சொல்லலாம். குடும்பத் துயரமும், கூலிக் கணக்கும், மகள் படிப்பும் அங்கே பேசப்படுகின்றன. ஒருத்தி துயரம் என்று நினைத்தது ஐந்து பேருக்கும் பொது என்று தெரிந்தால் அதற்கு வழி தேடும் எண்ணமும் பிறக்கிறது.

இதற்கு உலக வரலாற்றில் சான்று உண்டு. தென்னமெரிக்காவில் சிலி நாட்டில் 1973 செப்டம்பர் 11 அன்று படைத்தலைவர்கள் ஆட்சியைக் கைப்பற்றினர். பலர் பிடித்துச் செல்லப்பட்டனர், திரும்பவில்லை. அவர்களுடைய தாயரும் மனைவியரும் 1974 முதல் கிறித்தவத் திருச்சபையின் ஆதரவில் கூடி, சாக்குத் துணியின்மேல் கந்தல் துண்டுகளைத் தைத்துக் காட்சிகளை அமைத்தனர். மேசையில் ஓர் இருக்கை காலி, தெருவில் காவல் வண்டி, பின்னால் மலை. செய்தித்தாள் எழுத முடியாததை ஊசி எழுதியது. ஆர்பியேரா எனப்படும் அத்துணிகள் வெளிநாடுகளுக்குச் சென்று சிலியின் நிலையைச் சொல்லின.

அமெரிக்காவில் அலபாமா மாநிலத்துக் கறுப்பினப் பெண்கள் 1966இல் ஃபிரீடம் குவில்டிங் பீ என்ற கூட்டுறவை அமைத்தனர். குடியுரிமைப் போராட்டக் காலத்தில், வாக்காளராகப் பதிவுசெய்ய முயன்றதற்காகவே பிழைப்பை இழந்த குடும்பங்கள் அங்கு இருந்தன. உழைத்துத் தேய்ந்த சட்டைகளையும் கால்சட்டைகளையும் வெட்டி ஒட்டுப் போர்வை தைப்பது அவர்களுடைய மரபு. அப்பகுதியைச் சேர்ந்த கீஸ் பெண்ட் என்னும் ஊரின் போர்வைகள் 2002 முதல் பெரிய அருங்காட்சியகங்களில் வைக்கப்பட்டன. 2006இல் அஞ்சல் தலையிலும் இடம்பெற்றன. நம் வீடுகளில் பழஞ்சேலையை மடித்துத் தைத்துக் குழந்தைக்கு விரிப்பாக்கும் பாட்டியும் அதே கலையைத்தான் செய்கிறார். நாம் அதற்குப் பெயர் வைக்கவில்லை.

விலையும் உரிமையும்

கலையைப் புகழ்ந்துவிட்டு விலையைப் பேசாமல் விடுவது நேர்மையாகாது. ஒரு கணக்குப் பார்ப்போம். ஒரு சதுர அங்குலம் நிரப்ப அரை மணி நேரம் ஆகும் என்று வைத்துக்கொள்வோம். மெத்தை உறை ஒன்றின் நடுவில் 8 அங்குல நீளமும் 8 அங்குல அகலமும் உள்ள பூவேலை என்றால் 64 சதுர அங்குலம். அதற்கு 32 மணி நேரம். நாளுக்கு 8 மணி என்றால் 4 நாள். நான்கு நாள் கூலியும், துணி, நூல் விலையும், விற்பவர் செலவும் சேர்ந்ததே அதன் நியாய விலை. சந்தையில் அதைக் கையிலெடுத்து, இவ்வளவா என்று வியப்பவர் அந்த 32 மணி நேரத்தைக் காண்பதில்லை. பேரம் பேசிக் குறைக்கும் ஒவ்வொரு ரூபாயும் அந்த நேரத்திலிருந்தே குறைகிறது.

பொறித் தையல் வந்தபின் இன்னொரு தொல்லை. அதே வடிவத்தைச் சில நிமிடங்களில் இயந்திரம் அடித்துவிடும். இதற்கு ஓரளவு காப்பாக வந்தது 1999ஆம் ஆண்டின் புவிசார் குறியீட்டுச் சட்டம். 2003இல் நடைமுறைக்கு வந்தது. அதன் பதிவகம் சென்னையிலேயே உள்ளது. கர்நாடகத்துச் சந்தூர் லம்பாணிப் பூத்தையல் 2010இலும், தோடர் பூத்தையல் 2013இலும் இக்குறியீட்டைப் பெற்றன. குறியீடு கிடைத்ததனால் மட்டும் அடுப்பு எரிந்துவிடாது. பதிவு 10 ஆண்டுக்கு ஒருமுறை புதுப்பிக்கப்பட வேண்டும். தைப்பவர்கள் அதிகாரம் பெற்ற பயனாளர்களாகப் பதிந்துகொள்ள வேண்டும். போலி விற்பவரைக் கண்டால் வழக்குத் தொடுக்க வலிமை வேண்டும். தனியொரு பெண்ணால் இவை ஆகா. சங்கமாக இருந்தால்தான் ஆகும்.

சந்தூரில் 1984இல் தொடங்கிய குசல கலா கேந்திரம் இவ்வகைச் சங்க வாழ்வுக்கு நல்ல எடுத்துக்காட்டு. 2023 சூலையில் ஹம்பியில் ஜி20 பண்பாட்டுக் கூட்டம் நடந்தபோது, 450க்கு மேற்பட்ட லம்பாணிப் பெண்கள் தைத்த 1,755 ஒட்டுவேலைத் துணிகள் ஒருங்கே காட்சிக்கு வைக்கப்பட்டு கின்னஸ் சாதனையாயின.

இதற்கு மறுபக்கமும் உண்டு. குசராத்தின் கச்சுப் பகுதியில் தேபாரியா ரபாரி சமூகத்தார் 1995இல், தம் பெண்கள் தமக்கென்று பூத்தைத்து உடுத்துவதையே தடைசெய்தனர். மணமகள் புகுந்த வீட்டுக்குத் தைத்துக் கொண்டுசெல்ல வேண்டிய சீர்த்துணிகள் பெருகிப் பெருகி, தைத்து முடியும்வரை பெண்ணை அனுப்ப முடியாமல் ஆண்டுகள் கடந்தன, அதனாலேயே இத்தடை. மரபு என்பதெல்லாம் பெண்ணுக்கு இன்பம் என்று கொள்ளுதல் தவறு. கட்டாயமாகத் தைத்த கைக்கும் விரும்பித் தைக்கும் கைக்கும் வேறுபாடு உண்டு. தைக்க வேண்டுமா, எவ்வளவு தைப்பது, யாருக்கு விற்பது என்பதைத் தைப்பவளே முடிவு செய்யும் இடத்தில்தான் இக்கலைக்கு நல்வாழ்வு.

நம் ஊரை எண்ணிப் பார்ப்போம்

இனி நம் பகுதிக்கு வருவோம். பிள்ளைப்பாக்கத்தில் ஏரியும் வயலும் இருந்த ஊரை ஒட்டி இன்று சிப்காட் தொழிற்பூங்கா நிற்கிறது. இருங்காட்டுக்கோட்டை முதல் ஒரகடம் வரை கார், கைப்பேசி, கண்ணாடி, உதிரிப்பாகம் என்று ஆலைகள். நம் அக்கா தங்கையர் பலர் முறைமாற்றி வேலைக்குச் செல்கின்றனர். தொலைவான மாவட்டங்களிலிருந்து வந்து விடுதிகளில் தங்கியிருக்கும் பெண்களும் பலர். இந்த வருவாய் பல வீடுகளில் கல்லூரிக் கட்டணமாகவும் கூரையாகவும் மாறியிருக்கிறது. அதனைப் பழிப்பது நன்றி மறப்பதாகும்.

ஆயினும் ஒன்றை எண்ணிப் பார்க்க வேண்டும். மின்னணு ஆலையில் ஒரு பெண்ணின் விரல்கள் செய்யும் வேலை, நுண்மையில் பூத்தையலுக்குக் குறைந்ததன்று. ஆனால் அவள் செய்வது முழுப்பொருளின் ஒரு படி மட்டுமே. அந்தப் படி அந்த வரிசையில்தான் பொருளுடையது. திருப்பெரும்புதூரில் 2006இல் உற்பத்தியைத் தொடங்கிய நோக்கியா ஆலை 2014 நவம்பரில் நின்றபோது, ஆயிரக்கணக்கான இளைஞர்களும் பெண்களும் வேலை இழந்தனர். ஆண்டுகள் கழித்து அவ்வளாகத்திற்கு வேறு நிறுவனம் வந்தது. இடைப்பட்ட காலத்தில் அந்த விரல்கள் கற்ற திறனை அவர்கள் வீட்டில் வைத்துக்கொண்டு என்ன செய்திருக்க முடியும்? ஆலை போனால் வரிசை போகும். வரிசை போனால் அந்தத் திறனுக்கு இடம் இல்லை. சிட்லிங்கியிலோ, இரு முதியவர் கையில் மிஞ்சிய திறன் ஒரு தலைமுறை இடைவெளியைத் தாண்டி மீண்டும் துளிர்த்தது. ஏனெனில் அது முழுமையாக அவர்களிடமே இருந்தது.

ஆலைச் சம்பளத்துக்குப் பூத்தையல் ஈடாகாது. நான் சொல்ல வருவதும் அதுவன்று. முறைமாற்று வேலையால் நம் ஊர்களில் குறைந்துவருவது கூடி உட்காரும் நேரம். ஒருத்தி வரும்போது மற்றொருத்தி போகிறாள். ஒரே விடுதி அறையில் தங்கியும் விழித்த முகத்தை ஞாயிற்றுக்கிழமைதான் பார்க்கின்றனர். திண்ணைகள் பல, வாடகை அறைகளாகிவிட்டன. வாரத்தில் இரண்டு மணி நேரம் கையில் ஊசியோடு பத்துப் பேர் உட்காரும் இடம் ஒன்று இருந்தால், கலையும் வளரும். ஒருவர் நிலையை ஒருவர் அறியவும் வழி உண்டாகும்.

இதனை நம் கல்லூரியிலிருந்தே தொடங்கலாம். செலவு மிகச் சிறிது. ஆளுக்கு அரை மீட்டர் காடாத் துணி, ஒரு மரவளையம், இரண்டு ஊசி, ஆறு இழைப் பூத்தையல் நூல் நான்கு நிறத்தில். முதல் நான்கு வாரத்தில் ஓட்டுத் தையல், காம்புத் தையல், சங்கிலித் தையல், காஜாத் தையல் ஆகிய நான்கையும் ஒரே மாதிரித் துணியில் வரிசையாகத் தைக்கலாம். ஐந்தாம் வாரம் மேலே சொன்ன எண்ணித் தைக்கும் முக்கோணம். அதன்பின் ஒவ்வொருவரும் தம் வீட்டில் பாட்டியிடமோ அத்தையிடமோ ஒரு தையலைக் கேட்டுக் கற்றுவந்து மற்றவர்க்குச் சொல்லித்தர வேண்டும். கற்றுத்தந்தவர் பெயர், ஊர், அத்தையலுக்கு அவர் சொன்ன பெயர் ஆகியவற்றை ஒரு குறிப்பேட்டில் எழுதிவைத்தால், மூன்றாண்டில் அது நல்ல ஆய்வுப் பொருளாகும். மாணவர்களும் இதில் சேரலாம். சிலப்பதிகாரம் சொல்லும் துன்னகாரர் ஆடவரே என்பதை மறந்து, தையலைப் பெண்ணுக்கே ஒதுக்கிவிட்டோம்.

ஆண்டு இறுதியில் ஒவ்வொருவரும் ஒரு சாண் சதுரத் துணியில் தம் ஊரைத் தைத்துக் கொடுத்தால், அவற்றை இணைத்து ஒரு பெரிய துணியாக்கி நூலகச் சுவரில் மாட்டலாம். ஏரியைத் தைப்பவர் ஏரியைத் தைக்கட்டும். ஆலைப் பேருந்தைத் தைப்பவர் பேருந்தைத் தைக்கட்டும். பத்தாண்டு கழித்து வருபவர் நம் காலத்து ஊர் எப்படி இருந்தது என்பதை அதில் காண்பர்.

முடிவுரை

பூத்தையல் என்பது கணக்கும் நினைவும் சேர்ந்த ஓர் அறிவு என்று கண்டோம். அந்த அறிவு ஏட்டில் தங்குவதில்லை, கூடி உட்காரும் மனிதரிடம் தங்குகிறது என்பதையும், இகழ்ச்சியால் மறைந்த ஒன்று இருவர் கையில் மிஞ்சியிருந்ததனால் மீண்டதையும் சிட்லிங்கியில் கண்டோம். விலையும் உரிமையும் தைப்பவர்க்கே சேர வேண்டும் என்பதையும் அறிந்தோம்.

இக்கட்டுரையைப் படிக்கும் மாணவ நண்பர்கள் இவ்வாரம் வீட்டுக்குச் செல்லும்போது, பழைய மரப்பெட்டியைத் திறந்து பாருங்கள். பாட்டி தைத்த ஒரு தலையணை உறையோ, அம்மா பள்ளியில் தைத்த ஒரு கைக்குட்டையோ இருக்கலாம். அதை எடுத்துக்கொண்டு அவர்கள் பக்கத்தில் உட்கார்ந்து, இந்தத் தையலை எப்படிப் போட்டீர்கள் என்று கேளுங்கள். முன்பக்கத்தைப் பார்த்தபின் துணியைத் திருப்பி, பின்பக்கத்தையும் பாருங்கள். நூல் எங்கே தொடங்கியது, எங்கே முடிச்சிட்டது, எங்கே பிரித்து மீண்டும் தைத்தது என்பதெல்லாம் அங்கேதான் தெரியும். கேட்பதற்கு அவர்கள் இருக்கும்போதே கேட்டுவிட வேண்டும்.